சம்பந்தம் வேற, சம்பந்தி வேற

1

இங்கிலாந்துக்கு வந்து எனக்குக் கிடைத்த முதல் உருப்படியான வேலை, வடக்கே மழை ஓயாத ஒரு சின்ன ஊரின் நகராட்சி அலுவலகத்தில். சேர்ந்த முதல் வாரம் என் மேலதிகாரி அம்மாள் ஒரு கட்டுக் காகிதத்தைக் கையில் கொடுத்து, "கவுன்சிலர்கள் எல்லோரும் தங்கள் இன்ட்ரஸ்டைச் சரியாக எழுதியிருக்கிறார்களா என்று பார்த்துவிடு" என்றார். விருதுநகர்ப் பக்கம் பிறந்து வளர்ந்தவளுக்கு இன்ட்ரஸ்ட் என்றால் வட்டி. வேறு அர்த்தம் கிடையாது. ஒரு கவுன்சிலர் யார் யாருக்கு வட்டிக்கு விட்டிருக்கிறார் என்பதைக்கூட எழுதி வாங்குகிறார்களே, இதுவல்லவா நாடு என்று மனசுக்குள் கைதட்டிக்கொண்டேன்.

அரை நாள் புரட்டிப் பார்த்தும் வட்டித்தொழில் செய்கிற கவுன்சிலர் ஒருவர்கூட அகப்படவில்லை. நேரே மேலதிகாரியிடம் போய், "எல்லோரும் பொய் எழுதியிருக்கிறார்கள்" என்று புகார் சொன்னேன். அந்த அம்மாள் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். அப்புறம் உட்காரவைத்து விளக்கினார். நகராட்சி எடுக்கிற முடிவால் ஒரு கவுன்சிலருக்கோ அவர் வீட்டாருக்கோ ஆதாயம் வருமென்றால் அதுதான் இன்ட்ரஸ்டாம். ஓ, சம்பந்தம் என்று எனக்கு நானே மொழிபெயர்த்துக்கொண்டேன். அன்றிலிருந்து இந்த வேலை என் மனசுக்குள் அந்த ஒரு சொல்லில்தான் நடக்கிறது.

2

வேலை ரொம்ப எளிது. ஜெயித்து வருகிற ஒவ்வொரு கவுன்சிலரும் தன் தொழில், வீடு, நிலம், எந்தச் சங்கத்தில் பொறுப்பு, வீட்டுக்காரர் அல்லது வீட்டுக்காரி என்ன செய்கிறார் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். ஊரே பார்க்கும்படி அது இணையத்தில் கிடக்கும். அடுத்த கூட்டத்தில் என்னென்ன விஷயம் வருகிறது என்ற பட்டியல் தயாரானதும் நான் அதையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காருவேன். எங்கேயாவது உரசினால் அந்தக் கவுன்சிலருக்கு எழுதிக் கேட்பேன். பதில் சரியில்லை என்றால் மேலே சட்ட அலுவலருக்குத் தெரிவிப்பேன்.

சம்பந்தப்பட்டவர் அந்த விஷயம் வரும்போது எழுந்து, "இதில் எனக்குச் சம்பந்தம் உண்டு" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட வேண்டும். பேசக் கூடாது, கை தூக்கக் கூடாது. போய் காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்பார்கள். கதவைத் திறந்து கூப்பிட்டதும் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்வார்கள். யாருக்கும் முகம் சுண்டாது. நானும் ஆரம்பத்தில் இதை வேடிக்கை பார்ப்பதற்காகவே கூட்டத்துக்குப் போனதுண்டு.

இந்த வாரம் இப்படி ஒன்று நடந்தது. வயசான கவுன்சிலர் ஒருவர். அவர் மனைவி பாடுகிற பாட்டுக் குழு, நகராட்சி மண்டபத்தின் வாடகையைக் குறைக்கச் சொல்லி மனுப் போட்டிருந்தது. மனிதர் அதைக் குறிப்பிட மறந்திருந்தார். எழுதிக் கேட்டேன். மறுநாள் ஒரு பிஸ்கட் டப்பாவோடு என் மேசைக்கு வந்து, "நீ சொல்லாமல் விட்டிருந்தால் எனக்கு அசிங்கமாகியிருக்கும், ரொம்ப நன்றி" என்றார். பிஸ்கட்டை வாங்கினால் அதையும் எழுதிவைக்க வேண்டும் என்று நான் சொல்ல, இருவரும் சிரித்தோம்.

அவர் போனதும் கழிப்பறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டு அழுதேன். சத்தம் கேட்கக் கூடாதென்று கை காயவைக்கிற இயந்திரத்தைத் திரும்பத் திரும்ப அமுக்கிக்கொண்டே அழுதேன். ஏனென்றால் அன்றைக்குப் பேச்சி அக்காவின் நினைவு நாள். ஒவ்வொரு வருஷமும் அந்த நாளில் அண்ணன் வீடியோவில் கூப்பிடுவார். அக்கா படத்துக்கு மாலை போட்டு விளக்கேற்றியதும் போனை அதற்கு நேரே பிடித்து, "நல்லா பாத்துக்கோ பிள்ள" என்பார். இந்த வருஷம் அந்த அழைப்பு வரவில்லை. வராது என்று தெரிந்தும் காலையிலிருந்து போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

3

நாங்கள் மூன்று பேர். மூத்தவர் குருசாமி அண்ணன், நடுவில் பேச்சி அக்கா, கடைசி நான், மகேஸ்வரி. சிவகாசிக்குக் கிழக்கே ஒரு பேரூராட்சி எங்கள் ஊர். கரிசலில் மக்காச்சோளம் போட்டால் மழை வராது. மழை வந்தால் காட்டுப்பன்றி வரும். அதனால் கல்யாணமான பிறகு அக்கா பட்டாசு வேலைக்குப் போனாள். வண்ண வெடிக்கு மருந்து அடைக்கிற வேலை. சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கும்போது மருந்துத் தூள் படிந்து அவள் புருவம் வெள்ளியாக மினுங்கும். "சினிமாவுக்கு மேக்கப் போட்டுருக்கேன், எப்படி இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே வருவாள்.

ஒரு சீசனில் அவள் வேலை பார்த்த ரூம் வெடித்தது. ரூம் என்றால் நாலு வாசல் வைத்த சின்னக் கட்டடம். அவ்வளவுதான், அதில் மிஞ்சியது ஒன்றும் இல்லை.

அதற்கப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. கம்பெனிக்காரர்கள் அந்த ரூமை வேறொரு ஆளுக்கு உள்குத்தகைக்கு விட்டிருந்தார்கள். ஆகவே வருகைப் பதிவில் அக்கா பெயர் இல்லை. "எழுத்துல அந்தப் பொம்பள பேரே கிடையாது. எங்களுக்கும் அவளுக்கும் சம்பந்தம் இல்லை" என்றார்கள். ஆஸ்பத்திரி வாசலில் அண்ணன் அதைக் கேட்டார். நேரே போய் கம்பெனிக்கு முன்னால் ரோட்டில் உட்கார்ந்துவிட்டார். தெருவே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தது. லோடு ஏற்றிய லாரி ஒன்றும் நகர முடியவில்லை. அதிகாரிகள் வந்து, கம்பெனி முதலாளி வந்து, "ஆமாம், அவர் எங்கள் தொழிலாளிதான்" என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் அண்ணன் எழுந்தார்.

அந்த உட்காரலுக்காகத்தான் ஊர் அவரைக் கவுன்சிலராக்கியது. ஓட்டுக் கேட்டு அவர் ஒரு வீட்டுப் படியும் ஏறவில்லை. அவர் ஜெயித்த செய்தி வந்த அன்று எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தேன். "எங்கள் அண்ணனும் கவுன்சிலர்" என்று சொல்லும்போது எனக்குக் கழுத்து இரண்டு அங்குலம் நீண்டிருக்கும்.

4

சில மாதங்களுக்கு முன்னால், ஒரே வாரத்தில் அண்ணனிடமிருந்து இரண்டு படங்கள் வந்தன.

முதல் படம் அண்ணன் மகள் பவித்ராவுக்குப் பூ வைத்தது. எங்கள் பக்கம் கல்யாணம் பேசி முடித்ததும் மாப்பிள்ளை வீட்டார் வந்து பெண்ணுக்குப் பூ வைத்துவிட்டுப் போவார்கள். அந்த நிமிஷத்திலிருந்து இரண்டு வீட்டுப் பெரியவர்களும் ஒருவரை ஒருவர் சம்பந்தி என்றுதான் கூப்பிடுவார்கள். பவித்ரா தலை கொள்ளாத மல்லிகையோடு உட்கார்ந்திருந்தாள். அவள் கண்ணில் இப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்து எத்தனையோ வருஷம். கீழே அண்ணனின் குரல்பதிவு: "பாத்தியா பிள்ள, நம்ம சம்பந்தி வீட்டு ஆளுக எம்புட்டுப் பேரு வந்துருக்காகன்னு." மாப்பிள்ளை வீட்டார் பட்டாசுக் கம்பெனிக்காரர்கள். அக்கா செத்த கம்பெனி இல்லை, வேறு. நான் சந்தோஷத்தில் அலுவலகம் என்றும் பார்க்காமல் குலவையிட்டுவிட்டேன்.

இரண்டாவது படம் பேரூராட்சிக் கூட்டத்தில் போட்ட தீர்மானம். கீழே தன் பெயர் இருப்பதைக் காட்டத்தான் அண்ணன் அனுப்பியிருந்தார். கிழக்குக் காலனியை ஒட்டிய கரிசல் நிலத்தில் ஒரு பட்டாசு குடோன் கட்ட ஆட்சேபணை இல்லை. சுற்றிலும் குடியிருப்புகள் ஏதும் இல்லை. வழிமொழிந்தவர், குருசாமி.

நான் ஒன்றும் தேடவில்லை. தையல்காரர் கண் யார் சட்டையைப் பார்த்தாலும் தையலுக்குத்தானே போகும். குடோன் கேட்டவர் பெயருக்கு முன்னால் இருந்த அப்பா பெயரும், பூ வைக்க அண்ணன் அனுப்பிய அழைப்பில் பார்த்த மாப்பிள்ளையின் தாத்தா பெயரும் ஒன்று. என் விரல் தானாகவே அந்த இரண்டு பெயருக்கும் நடுவில் போய் நின்றது. அதைவிட மோசம் அந்தக் "குடியிருப்புகள் இல்லை." கிழக்குக் காலனியில் வரிசையாக வீடுகள். அதில் ஒன்று பேச்சி அக்காவின் வீடு. அவள் புருஷனும் மகனும் இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறார்கள்.

5

மதியச் சாப்பாட்டு நேரத்தில் காரில் உட்கார்ந்துகொண்டு அண்ணனைக் கூப்பிட்டேன். அங்கே சாயங்காலம். டீ ஆற்றுகிற சத்தம் கேட்டது.

"சாப்புட்டியா பிள்ள? உம்மக ஆதி நல்லாருக்காளா?"

"நல்லாருக்கா. அண்ணே, அந்த குடோன் யாரு பேர்ல வருது? சம்பந்தி பேர்லயா?"

"அவுக தம்பி பேர்ல."

"ஒரே குடும்பந்தானண்ணே. அப்ப உங்களுக்கு அதுல சம்பந்தம் இருக்குல்ல? நீங்க கை தூக்கலாமா?"

அண்ணன் சிரித்தார். "ஏ பிள்ள, இன்னும் தாலி ஏறல. பூதான் வச்சுருக்கு. நாளைக்கு அவுக வேண்டாம்னு போயிட்டா நம்ம என்ன கேக்க முடியும்? இதுல சம்பந்தம் எங்கன இருந்து வந்துச்சு? சம்பந்தம் வேற, சம்பந்தி வேற."

"சம்பந்தின்னு வாய் நிறையக் கூப்புட்டீக."

"அது மரியாதைக்கு."

"அக்கா வீடு அங்கனதானண்ணே இருக்கு? குடியிருப்பே இல்லைன்னு எழுதியிருக்கீக?"

"அது பூராம் புறம்போக்கு. யாருக்கும் பட்டா இல்ல. எழுத்துல அங்கன வீடே கிடையாது."

"எழுத்துல இல்லைன்னுதான அன்னைக்கு அக்காவையும் சொன்னாக?"

டீக்கடைச் சத்தம் குறைந்தது, அண்ணன் வெளியே நடந்து வந்திருக்க வேண்டும். பேசியபோது குரல் வேறு மாதிரி இருந்தது.

"நான் ரோட்டுல உக்காந்தேன்ல, அதுக்கு யாரு விலை குடுத்தான்னு நெனைக்க? பவித்ரா. எத்தனை எடத்துல பேச்செடுத்தோம் தெரியுமா? 'கம்பெனிய எதுத்து ரோட்டுல உக்காந்தவன் மகளா'ன்னு கேட்டுட்டு எந்திரிச்சுப் போயிருவாக. இந்தப் பக்கம் கம்பெனியோட ஒட்டாத வசதியான குடும்பம் எங்கன இருக்கு? அவளும் ஸ்கூல்ல பாடம் எடுக்கப் போறா, வாரா, கதவச் சாத்திக்கிறா. இவுக வந்து ஒரு வார்த்தை கேக்காம பூ வச்சாக. நகை கேக்கல, ஒண்ணும் கேக்கல. நான் ஒரு கை தூக்குனேன். அம்புட்டுத்தான்."

"அடுத்த கூட்டத்துல நீங்களே எந்திரிச்சுச் சொல்லிருங்கண்ணே. எனக்கு இதுல சம்பந்தம் இருக்கு, வீடுகளும் இருக்குன்னு."

"நீ அங்கன உக்காந்துக்கிட்டு நியாயம் பேசலாம் தாயி. உம்மக அவளுக்கு வேணுங்கிறத அவளே பாத்துக்கிடுவா. எம்மகளுக்கு நாந்தான் பாக்கணும்." பிறகு கொஞ்சம் இறங்கி, "சரி, பாக்குறேன்" என்றார்.

வெள்ளைக்காரர்கள் பாக்குறேன் என்றால் பார்ப்பார்கள். எங்கள் ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்று இதைப் படிக்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

6

என் மகள் ஆதிரை இங்கே பிறந்தவள். அவளுக்குத் தமிழ் கேட்டால் புரியும். பேசச் சொன்னால் ஒவ்வொரு சொல்லும் தயங்கித் தயங்கி வரும். நான் சோறு இறங்காமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டாள். சொன்னேன்.

"மாமா தப்பு பண்ணிட்டாங்க. நீ ரிப்போர்ட் பண்ணணும். உன் வேலையே அதுதானேம்மா?" என்றாள். அவ்வளவு சுலபமாகச் சொன்னாள்.

"பவித்ரா கல்யாணம் நின்னுட்டா?"

"பவித்ரா... மறுபடி சொல்லு, யாரு அது?"

இவள் கைக்குழந்தையாக ஊருக்கு வந்தபோது வேர்க்குரு வந்து அழுதவளை இடுப்பை விட்டு இறக்காமல் சுமந்தவள் பவித்ரா. இவளுக்கு அது யாரோ. எனக்கு மகள் மீது கோபம் வந்தது, பிறகு பொறாமை வந்தது. யாரோடும் ஒட்டு இல்லாதவர்களுக்கு நியாயமாக இருப்பது எவ்வளவு லேசாக இருக்கிறது என்று நினைத்தேன். அதைச் சொன்னால் அவளுக்குப் புரியவைக்க என்னிடம் ஆங்கிலமும் இல்லை, அவளிடம் தமிழும் இல்லை.

நான் சொன்ன அந்த அடுத்த கூட்டம் வந்தது, போனது. அவர் எழுந்திருக்கவில்லை. குடோன் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டக் குறி போட்டுவிட்டார்கள் என்று அக்கா வீட்டுக்காரர் போனில் சொன்னார். அவர் குறையாகக்கூடச் சொல்லவில்லை. "மச்சான் பாத்துக்கிடுவாக" என்றார். அந்த நம்பிக்கைதான் என்னை எழுதவைத்தது.

தனக்குச் சம்பந்தமுள்ள விஷயத்தில் உறுப்பினர் வாக்களிக்கக் கூடாது என்று நம்மூர்ச் சட்டத்திலும் உண்டு. அதைக் குறிப்பிட்டு மாவட்ட நிர்வாகத்தின் இணையப் பக்கத்தில் மனு எழுதினேன். திட்டி எழுதவில்லை. உறவு இது, வீடுகள் இங்கே, தீர்மானத்தில் இருப்பது இது என்று அலுவலகத்தில் எழுதுகிற மாதிரியே எழுதினேன். முடிவில் ஒரு கட்டம் வந்தது. மனுவில் கண்ட நபருக்கும் மனுதாரருக்கும் உள்ள சம்பந்தம் என்ன?

அதைக் காலியாக விட்டிருக்கலாம். பொதுமக்களில் ஒருவர் என்றும் போட்டிருக்கலாம். அப்படிப் போடுகிறவர்கள்தான் அதிகம். ஆனால் ஊரில் உள்ளவர்களையெல்லாம் சம்பந்தத்தை எழுது, எழுது என்று விரட்டுகிறவள் தன்னுடையதை மறைக்கலாமா? உடன்பிறந்த தங்கை என்று எழுதினேன். எழுதிவிட்டு அந்தச் சொற்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு அனுப்பினேன்.

7

மனு வேலை செய்தது. அதுதான் கொடுமை.

தீர்மானத்தை மறுபடி பரிசீலிக்கச் சொல்லி மேலிருந்து உத்தரவு போனது. என்ன நடந்தது என்று எனக்குச் சொன்னவள் பவித்ராதான். அவளாகவே கூப்பிட்டாள். வணக்கமில்லை, சாப்பிட்டீகளா இல்லை.

"அத்தே, இன்னைக்குக் கூட்டம் நடந்துச்சு. குடோன் விஷயம் வந்ததும் அப்பா எந்திரிச்சு, 'இதுல எனக்குச் சம்பந்தம் இருக்கு'ன்னு சொல்லிட்டு வெளிய போயிட்டாக."

எனக்கு உயிர் வந்தது. "அப்புறம்?"

"அப்புறம் என்ன? மத்தவுக எல்லாரும் கை தூக்கிட்டாக. நிறைவேறிருச்சு."

"காலனி வீடுக?"

"தாசில்தார் ஆபீஸ்லருந்து ஆளு வந்து பாத்தாக. பட்டா இல்லாத எடத்தக் கணக்குல எடுக்க வேண்டியதில்லைன்னு எழுதிட்டாக. எல்லாம் நீங்க சொன்ன முறைப்படிதான் நடந்துச்சு அத்தே. வேப்பமரத்தடியில அப்பா தனியா நின்னாக. எல்லாரும் அதப் போன்ல படம் புடிச்சாக. முடிஞ்சதும் உள்ள வாங்கன்னு யாரும் கூப்புடவே இல்ல. அவுகளா நடந்து வீட்டுக்கு வந்துட்டாக."

காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்கிற எங்கள் கவுன்சிலர்களை நினைத்துக்கொண்டேன். அவர்கள் போன பிறகும் உள்ளே இருப்பவர்கள் கை தூக்கத்தான் செய்கிறார்கள். இத்தனை வருஷம் அதைப் பார்த்தும் எனக்கு உறைத்ததில்லை.

"கல்யாணம்?" என்று கேட்டேன்.

"நடக்கும். அவுகளுக்கு வேண்டியது கிடைச்சிருச்சுல்ல." கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. "நீங்க எழுதுனது தப்புன்னு நான் சொல்லல. பேச்சி அத்தை வீட்டுக்காகத்தான் எழுதுனீகன்னு எனக்குத் தெரியும். ஆனா கல்யாணத்துக்கு வாங்க அத்தேன்னு உங்களக் கூப்புட எனக்கு வாய் வரல."

அவள் வைத்த பிறகும் போனைக் காதிலேயே வைத்திருந்தேன்.

8

மனு முடித்துவைக்கப்பட்டது என்று எனக்கு வந்த பதிலோடு, கவுன்சிலர் கொடுத்த விளக்கத்தின் நகலும் இணைத்திருந்தார்கள். அண்ணன் கையெழுத்துப் போட்டிருந்தார். அந்தக் கையெழுத்தை எனக்கு நன்றாகத் தெரியும். அப்பா போன பிறகு என் பள்ளிக்கூட மதிப்பெண் அட்டையில் எல்லாம் அதுதான் இருக்கும். குருசாமியில் ரு மட்டும் கொஞ்சம் வயிறு பெருத்து இருக்கும்.

இரண்டே வரி. தீர்மானத்தின் மீதான மறு வாக்கெடுப்பில் தான் கலந்துகொள்ளவில்லை என்பது ஒன்று. இரண்டாவது: "மேற்படி மனுதாரர் வெளிநாட்டில் வசிப்பவர். அவருக்கும் எனக்கும் எவ்விதச் சம்பந்தமும் இல்லை."

அக்கா நினைவு நாள் கழிந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அண்ணன் அன்றைக்கு மாலை போட்டிருப்பார், விளக்கு ஏற்றியிருப்பார். போனை மட்டும் பையில் வைத்திருப்பார். குடோன் சுவர் ஆள் உயரம் எழும்பிவிட்டதாம்.

இப்படி ஒரு காகிதம் என் மேசைக்கு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். கவுன்சிலர் கொடுத்த தகவல் பொய். அவருக்கு எழுதிக் கேட்க வேண்டும். பதில் சரியில்லை என்றால் மேலே தெரிவிக்க வேண்டும்.

எழுதிக் கேட்டேன். "அண்ணே, உங்களுக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லையா?" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பார்த்துவிட்டார் என்று நீலக் குறி வந்தது. பதில் வரவில்லை. மேலே தெரிவிக்க எனக்கு யார் இருக்கிறார்கள்?